டொலீடோ கிளையின் முதல் கூட்டம்

பல்கலைக்கழகம் அனுப்பிய பட்டியலில்
நூற்றுப் பதினான்கு பெயர்கள்.
பேருந்து நிலையக் கட்டுப்பாட்டு அறையில்
ஒரு வண்டிக்கும் மறு வண்டிக்கும் இடையே
ஒவ்வொன்றாய் அழைத்துப் பார்த்தாள் வெர்லீன்.
முப்பத்தொரு எண்கள் உயிரோடில்லை.
ஒன்பது பேர் உயிரோடில்லை.
ஒருவர், 'பணம் கேட்கவா?' என்றார்,
பதில் வருமுன் வைத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை.
காரிஸ்பர்க்குக்கு இவர்கள் ஞாபகம் வருவது
கணக்கு முடிக்கும் டிசம்பரில்.
ஒரே கறுப்பு மாணவனை
விளம்பரப் புத்தகத்தின் மூன்று பக்கங்களில்
மூன்று சட்டைகளில் நிற்கவைத்துக்
கூட்டம் காட்டிய இடம் அது.

கிளை என்று பெயர் வைத்தாயிற்று.
மரம் நானூறு மைல் தெற்கே.
கிளை என்றால் உறவென்றும் பொருள்படும்
ஒரு மொழி உலகில் இருப்பது
வெர்லீனுக்குத் தெரியாது.

கார்டெலின் டயர் கடை,
வாடிக்கையாளர் காத்திருக்கும் அறை.
இருபது நாற்காலி.
வெளியே பனி.
உள்ளே ஆறு பேர்.
ரோஸெட்டா சுட்டு வந்த மக்ரோனியும்
இருபது பேருக்கானது.
அதை ஒரு பொறுப்பாகவே
ஏற்றுக்கொண்டார்கள் ஆறு பேரும்.

டெட்ராய்ட்டைச் சேர்ப்பதா, தனியே விடுவதா
என்பதற்குப் பத்து நிமிடம்.
டி-ஷர்ட் மெரூனா கருஞ்சிவப்பா
என்பதற்கு நாற்பது.
பல் மருத்துவர் லூசியஸ் விதிகளை வாசித்தார்:
'இரண்டு. உறுப்பினர் என்போர்
பட்டம் பெற்ற முன்னாள் மாணவர்.'

கதவருகே ஒருத்தி நின்றிருந்தாள்.
எப்போது வந்தாளோ.
மருத்துவமனைச் சலவைப் பிரிவின் நீலச் சீருடை,
தோளில் கரையாத பனி.
'ஒண்ட்ரியா பெட்டிஃபோர்ட்.
மூன்றாம் வருஷத்தோடு நின்றுவிட்டேன்.
முந்நூற்று நாற்பது டாலர் பாக்கி,
பதிவு செய்ய விடவில்லை.
ஒரு செமஸ்டர் வேலை பார்த்துவிட்டு வருகிறேன்
என்று சொல்லித்தான் கிளம்பினேன்.
அது எண்பத்தொன்பதில்.
நான் உறுப்பினரா?'

பின்னால் காற்றடிக்கும் இயந்திரம்
தானாக ஓடி, தானாக நின்றது.

கார்டெல் தரையைப் பார்த்தபடி சொன்னான்:
'அந்த வசந்தத்தில் நாங்கள்
ஒரு நடன விருந்து வைத்தோம்.
அறுநூறு டாலர் செலவு.'

'தெரியும்' என்றாள்.
'நல்ல பாட்டுகள்.
நானும் வந்திருந்தேன்.'

இரண்டாம் விதியில்
முதல் இரண்டு சொற்களை அடிப்பதற்கு
ஐந்து கைகள் உயர்ந்தன.
லூசியஸ் உயர்த்தவில்லை:
'பல்கலைக்கழகம் நம்மை அங்கீகரிக்காது.'
அது உண்மைதான்.
இன்றுவரை அங்கீகரிக்கவில்லை.

சிறு பாக்கிகளுக்கென்று ஒரு நிதி,
ஐந்நூறு டாலருக்கு உட்பட்டவை.
இந்த வசந்தத்தில் யார் யார் தடுக்கப்பட்டிருக்கிறார்கள்
என்று கேட்டுக் கடிதம் போட்டார்கள்.
மாணவர் தகவல் இரகசியம் என்று
இரண்டு வரியில் பதில் வந்தது.
அதே உறையில்
நன்கொடைப் படிவம் ஒன்று.

அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.
ஒண்ட்ரியா அதில்தான் எழுதினாள்:
*உங்கள் பிள்ளை காரிஸ்பர்க்கிலா?
கட்டணத்தில் இடறுகிறதா?
இந்த எண்.*
வெர்லீன் அதை நகலெடுத்து
ஐந்தாம் தடப் பேருந்துகளில்
ஓட்டுநர் முதுகுக்குப் பின்னே ஒட்டினாள்.
அதற்கு அனுமதி வாங்கினாளா
என்று யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி முழுக்க மூன்று அழைப்புகள்.
இரண்டு, பேருந்து தாமதம் பற்றி.
ஒன்று, தொலைந்த குடைக்காக.
டி-ஷர்ட் நிறம் முடிவாகவில்லை.

மார்ச்சில் ஒரு செவ்வாய்.
ஒண்ட்ரியா ஈரப் போர்வைகளை
உலர்த்தியில் தள்ளிக்கொண்டிருந்தபோது
ஒரு பெண் குரல்,
தொண்டையைச் செருமிக்கொண்டு,
சண்டைக்கு வருவதுபோல:
'ஐந்தாம் நம்பர் வண்டியில் பார்த்தேன்.
என் மகன் அங்கே படிக்கிறான்.
பணம் கேட்கத்தான் கூப்பிடுகிறேன்.'

ஒண்ட்ரியா இயந்திரத்தை நிறுத்தினாள்.
சட்டைப் பையில் பேனாவைத் தேடினாள்.
'எவ்வளவு?' என்றாள்.